ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல

– குட்டியை வாரத்துல ஒரு நாள்தான் அவ அப்பாகிட்ட விடுவேன்னு சொன்னதும், அந்த மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்கண்ணா.

– பார்க்கட்டும். விவாகரத்தை இழுத்தடிக்காம பேசி முடிக்கறது அவங்க வேலை. நீ மூணுன்னு ஆரம்பிச்சா மாப்பிள்ளை அஞ்சு கேப்பார், நாலுல வந்து நிக்கும். ஒண்ணுன்னு சொன்னா மூணுல நிக்கும். பழைய கார் வாங்கி விக்கறவன் நான் சொல்றேன்ல? எடுத்த எடுப்புல மனசுல இருக்கறதைச் சொல்லக் கூடாது.

– குட்டி என்ன காராண்ணா?

– பேரம்னு உக்காந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்மா.

– பக்கத்து ரூம்ல சத்தமே காணோம். இவ்வளவு நேரமா என்ன பண்றார்?

– கணக்குப் போடறார். அந்த ஆள் வாயைத் திறக்கலேன்னா ஏதோ திட்டம் ஓடுதுன்னு அர்த்தம். அஞ்சுன்னு வந்தா உடனே தலையாட்டாதே. முகத்தைத் தூக்கி வெச்சுக்கோ.

– ஏழும் எனக்கேன்னு கேட்டுட்டா?

– கேட்டா கோர்ட்லயே பார்த்துக்கலாம்னு எழுந்திரு. நான் சொல்றேன்ல?

– பயமா இருக்குண்ணா. அப்பா வீட்டுலயும் எனக்கு ஒரு பிரஷ் வாங்கி வெப்பாரான்னு காலைல குட்டி கேக்கறா. அவர்மேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கு. ஆனா அவ அவர்மேல உயிரா இருக்காளே. மூணு நாளாவது அவர்கூட இருக்கணும் அவ.

– ஐயோ, இதைப் போய் அந்த மேடம்கிட்ட உளறி வெக்காதே!

– யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாங்களே.

– கிழிச்சாங்க. இங்க தலையாட்டிட்டு அங்க போய்ப் போட்டுக் குடுப்பாங்க. இந்தச் சிரிச்ச முகத்தை எல்லாம் எங்க லைன்ல எத்தனை பார்த்திருக்கேன்!

– ஷ்ஷ்... செருப்புச் சத்தம். வராங்க.

– முகம்! முகத்தைத் தூக்கி வை!

– மன்னிச்சுக்குங்கம்மா, ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேன்.

– பரவாயில்ல மேடம். மாப்பிள்ளை எவ்வளவு சொல்றார்? அஞ்சா, ஆறா?

– இவங்க சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார்.

– நடிப்பு மேடம், அத்தனையும் நடிப்பு! தங்கச்சி, நீ வாயைத் திறக்காதே.

– நீ கொஞ்சம் சும்மா இருண்ணா. சொல்லுங்க மேடம், கடைசில என்ன கேட்டார்?

– நடுவுல ஏதாவது பார்த்து முடிச்சுக்கலாமான்னு கேட்டார்ம்மா.

– பார்த்தியா, வந்துட்டார் வழிக்கு! எதுக்கும் எதுக்கும் நடுவுல மேடம்?

– வாரத்துக்கு ஒரு நாளுங்கறதுக்கும், ஒரு நாளும் வேண்டாங்கறதுக்கும் நடுவுலம்மா. மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்தா போதாதான்னு கேக்கறார்.