தமிழ் ஆகுதா, தெலுங்கு ஆகுதா

என் பெயர் கோவர்த்தனன். வயது 31. தகப்பனார் பெயர் திருவேங்கடம், விவசாயம். சொந்த ஊர் சித்தூர் மாவட்டம் நகரி மண்டலம். தற்சமயம் ரேணிகுண்டா ரயில்வே கேட் பக்கத்தில் கதவு எண் 4-118 வாடகை வீட்டில் மனைவி அலர்மேல்மங்கையுடன் குடியிருந்து வருகிறேன். வீட்டில் பேசுவதும் பத்தாவது வரை படித்ததும் தமிழ், கடைத்தெருவிலும் ஆபீசிலும் தெலுங்கு. ஏர் சிறகா விமானக் கம்பெனி மீதான வழக்கு சம்பந்தமாகச் சென்னையிலிருந்து வந்து திருப்பதியில் முகாமிட்டிருக்கும் காவல் ஆய்வாளர் முன்பு 23.09.2008 காலை 11 மணிக்கு ஆஜராகி, எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன்.

மேற்படி கம்பெனி 2006-ஆம் ஆண்டு, பஸ் காசில் விமானம் என்று விளம்பரம் செய்து ஆரம்பிக்கப்பட்டது. அப்போது நான் புத்தூரில் ஒரு பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீசில் இருந்தேன். என் தகப்பனார் அரை ஏக்கர் மாந்தோப்பை விற்று, விமான நிலைய வேலைக்கான ஆறு மாதப் படிப்பில் என்னைச் சென்னையில் சேர்த்துவிட்டார். அதன் பிறகு மேற்படி கம்பெனியின் ரேணிகுண்டா விமான நிலையக் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்து, 2008 ஜனவரி முதல் பகல் நேரப் பொறுப்பாளராக இருந்து வந்தேன். ஊரில் என்னை ப்ளேன் கோவர்த்தனன் என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, மறைப்பானேன்.

2008 மார்ச் மாதத்திலிருந்து சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. மே மாதத்தில், இனி கடனுக்கு எரிபொருள் கிடையாது, பணம் வந்த பிறகுதான் லாரி நகரும் என்று எண்ணெய் நிறுவனம் கடிதம் கொடுத்துவிட்டது. அதன் பிறகு தினமும் காலையில் பணம் கட்டிய தகவல் சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸில் வர வேண்டும், அதை எண்ணெய் நிறுவன அதிகாரி வெங்கடரமணன் அவர்களிடம் நான் காட்ட வேண்டும், அவர் சரிபார்த்து லாரியை விமானத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. ஃபேக்ஸ் வராத நாட்களில் சென்னை மேலாளர் ஹேமநாத் அவர்களுக்குப் போன் செய்தால் அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார். ஆகுது. சம்பளம் என்றாலும் ஆகுது, பெட்டி தள்ளும் வண்டிக்கு டயர் என்றாலும் ஆகுது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிவிட்டோம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம், ஆனாலும் மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நிற்போம்.

இந்த வார்த்தையைப் பற்றி ஆய்வாளருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியுள்ளது. தமிழில் ஆகுது என்றால் காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தெலுங்கில் ஆகு என்றால் நில் என்று அர்த்தம். எங்கள் எல்லை ஊர்களில் இரண்டு பாஷையும் ஒரே வாயில் புழங்குவதால், பெண் கொடுக்கிறேன் என்றோ நிலம் எழுதித் தருகிறேன் என்றோ சொல்லிவிட்டு ஒருவன் ஆகுது ஆகுது என்று இழுத்தடித்தால், தமிழ் ஆகுதா தெலுங்கு ஆகுதா என்று கேட்பது வழக்கம். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் கேட்டுவிட்டால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு மேலும் பொய் சொல்கிறவனை எங்கள் பக்கத்தில் யாரும் மனுஷனாக மதிப்பதில்லை.

11.07.2008 வெள்ளிக்கிழமை காலை 10.40-க்கு ஹைதராபாத் போகும் விமானத்துக்கு 58 பயணிகள் இருந்தார்கள். முதல் ஆளாக 8.30 மணிக்கே வந்தவர் பாலசமுத்திரம் மண்டலத்தைச் சேர்ந்த செங்கம்மா, வயது சுமார் 38, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர். அவருடைய தம்பி சின்னப்பன் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு கூடவே உள்ளே வந்திருந்தார். செங்கம்மா புதிதாக வாங்கிய ஷூ போட்டிருந்தார், அது அவருக்குக் கடித்துக்கொண்டிருந்தது. ஹைதராபாத்திலிருந்து அன்று மாலை 7.50-க்கு அவருக்குக் குவைத் விமானம். விசா காகிதத்தை என்னிடம் காட்டினார். அன்றுதான் அதற்குக் கடைசி நாள். "இன்னிக்குள்ள அங்க எறங்கணுமாம் தம்பி. இல்லன்னா இந்தப் பேப்பர்ல போண்டா கட்டித் துன்னலாம்னு ஏஜெண்டு சொல்றான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

விமானம் சென்னையிலிருந்து 10.05-க்கு வந்து இறங்கியது. சென்னையிலும் கடன் கிடைக்காததால், இங்கே வந்து சேரவும் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய மிச்சத்துக்கும் மட்டுமே எரிபொருள் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஹைதராபாத் போக இன்னும் சுமார் 1,400 லிட்டர் தேவை. ஃபேக்ஸ் வரவில்லை. மிஷினில் காகிதம் இருக்கிறதா என்று நான்கு முறை திறந்து பார்த்தேன். இருந்தது.

அதன் பிறகு 10.50 மணிக்கு நான் வெங்கடரமணன் அவர்களிடம் போய், இந்த ஒரு நாள் மட்டும் உதவி செய்யும்படி தெலுங்கில் கேட்டேன். அவர் உங்கள் மேலாளரே என்னிடம் பேசட்டும் என்றார். ஹேமநாத் அவர்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பணம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "ஆகுது சார், ஆகுது சார்" என்று ஹேமநாத் சொன்னார். வெங்கடரமணன் என்னைப் பார்த்து, உங்கள் ஆளே நில் நில் என்கிறாரே, நான் எப்படி லாரியை அனுப்புவது என்று தெலுங்கில் சொன்னார். அவர் தமிழ் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே கேலி செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. இது தமிழ் ஆகுது சார் என்று விளக்கினேன். உங்கள் கம்பெனி விஷயத்தில் ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, லாரி டிரைவரை இறங்கிச் சாப்பிடப் போகச் சொன்னார். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த விமானம் அன்று கிளம்பாது என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹேமநாத் அவர்களிடம் ரத்து என்று அறிவிக்கட்டுமா என்று கேட்டேன். ரத்து என்றால் 58 பேருக்கும் பணம் திருப்பித் தர வேண்டும் என்றும், பன்னிரண்டரை மணி வரை கேன்சல் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரக் கூடாது என்றும், ஒரு பயணி பக்கத்துக் கவுண்டருக்குப் போனாலும் நாளைக்கு நான் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். இது போனில் சொன்னது. எழுத்தில் எதுவும் கிடையாது.

பக்கத்துக் கவுண்டர் என்பது வேறு ஒரு கம்பெனியுடையது. அவர்களுடைய ஹைதராபாத் விமானம் 12.20-க்கு. அதில் நான்கு இடம் காலியாக இருந்தது, விலை 4,600 ரூபாய், கவுண்டர் மூடும் நேரம் 11.50. இவை எல்லாம் எனக்குத் தெரியும்.

நான் திரும்பி வந்து, கொஞ்சம் தாமதம், எல்லோரும் உட்காருங்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் அறிவித்தேன். ஒரு பெரியவர் காரணம் கேட்டார், பேப்பர் வேலை ஆகுது என்றேன். இன்னொருவர் கேட்டார், அவருக்கும் அதையே சொன்னேன். ஹேமநாத் வாயில் வந்த வார்த்தை என் வாயிலும் சரளமாக வந்தது. கைக்குட்டை நனைந்துவிட்டது, பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

11.35 மணிக்கு சின்னப்பன் பக்கத்துக் கவுண்டரில் விலை கேட்டுவிட்டு வந்து அக்காவின் காதில் ஏதோ சொன்னார். அவரிடம் ஆறாயிரம் ரூபாய் இருந்தது, ஏஜெண்டுக்குக் கட்ட வைத்திருந்த பாக்கி என்று பிறகு தெரிந்துகொண்டேன். செங்கம்மா எழுந்து நொண்டிக்கொண்டே என் கவுண்டருக்கு வந்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகப் பேசினார்.

"தம்பி, நீ நம்ம பக்கத்துப் புள்ள, அதான் உன்ன கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். ஆவுது ஆவுதுன்னு சொல்லிக்கினே கீறியே. தமிழ் ஆவுதா, தெலுங்கு ஆவுதா?"

அவர் சிரிக்கவில்லை.

நான், "தமிழுதான்க்கா" என்றேன்.

அந்த நேரத்தில் ஹேமநாத் லைனில் இல்லை. பக்கத்தில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. நான் வாயைத் திறந்துகூடச் சொல்லியிருக்க வேண்டாம், பக்கத்துக் கவுண்டர் பக்கம் கண்ணைக் காட்டியிருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். விற்ற மாந்தோப்பும், வேலை போனால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்பதும்தான் எனக்கு அப்போது நினைப்பில் இருந்தது. பயந்தேன். வேறு காரணம் இல்லை. ஒருவேளை ஃபேக்ஸ் வந்துவிடும் என்று நினைத்தாயா என்று ஆய்வாளர் கேட்டார். வந்தால் தேவலை என்று ஆசைப்பட்டது உண்மை. வராது என்று தெரிந்திருந்ததும் உண்மை.

செங்கம்மா, "அப்ப செரி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டு, பணத்தை உள்ளே வை என்று தம்பியிடம் கையால் காட்டினார். சின்னப்பன் பணத்தை டவுசர் பையில் வைத்துக்கொண்டார். 11.50-க்குப் பக்கத்துக் கவுண்டர் மூடப்பட்டது. 12.20-க்கு அந்த விமானம் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்புகளை அடுக்கினேன்.

அதன் பிறகு 2.10 மணிக்கு, தொழில்நுட்பக் கோளாறு காரணமாக விமானம் ரத்து என்று அறிவிக்கும்படி சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. கோளாறு எதுவும் இல்லை. அறிவித்ததும் கூச்சல் எழுந்தது, கவுண்டர் கண்ணாடியை உடைத்தார்கள், ஒருவர் என் சட்டையைப் பிடித்து இரண்டு அறை அறைந்தார். யார் என்று அடையாளம் தெரியும், ஆனால் அவர் மீது எனக்குப் புகார் இல்லை. ஹேமநாத் போன் அதற்குள் சுவிட்ச் ஆஃப் ஆகிவிட்டது. பஸ்ஸிலோ ரயிலிலோ ஹைதராபாத் போக இனி விடிந்துவிடும். செங்கம்மா ஷூவைக் கழற்றி, டப்பாவில் வைத்து மூடினார். வீட்டுக்கு எடுத்துப் போகத் தம்பியிடம் கொடுத்திருந்த பழைய ரப்பர் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் போகவில்லை.

மேற்படி கம்பெனி 02.08.2008 அன்று எல்லா விமானங்களையும் நிறுத்திவிட்டது. எனக்கு நான்கு மாதச் சம்பளம் வர வேண்டும், அதைப் பற்றி இங்கே நான் எதுவும் கேட்கவில்லை. செங்கம்மாவின் விசா காலாவதியாகிவிட்டதாகவும், புது விசாவுக்கு ஏஜெண்டு அறுபதாயிரம் கேட்பதாகவும், தற்சமயம் அவர் ஊரிலேயே கூலி வேலைக்குப் போவதாகவும் ஆய்வாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கம்பெனி மீது செங்கம்மா கொடுத்த புகாரை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில், "கவுண்டர்ல இருந்த தம்பிக்கு ஒண்ணும் தெரியாது, அவனயும்தான் ஏமாத்திக்கினாங்க, பாவம், அவன் மேல கேஸ் எதுவும் வாணாம்" என்று அவர் சொன்னதாக எழுதப்பட்டுள்ளது. மேற்படி வரி சரியல்ல. எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நீ சொல்ல வேண்டியதில்லை, நீ சாட்சி மட்டும்தான், பாஷைக் குழப்பம் என்று எழுதிவிடலாம் என்று ஆய்வாளர் கூறினார். நல்ல மனதுடன்தான் கூறினார். எனக்கு இரண்டு பாஷையும் நன்றாகத் தெரியும், குழப்பம் எதுவும் இல்லை என்று சொல்லி, சொன்னபடியே எழுதக் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டியது குறைத்தது இல்லை. சாட்சி சொல்கிறவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று ஆய்வாளர் கூறினார். நானே கேட்டு வாங்கிப் போடுகிறேன்.

(ஒப்பம்) தி. கோவர்த்தனன்
23.09.2008, திருப்பதி