சோறு இல்லாத கதை

...வாயப் பொத்திக்கொண்டு மகளச் சாப்பிட வெக்கட்டாம்! கேட்டீங்களா சுகந்தினித் தங்கச்சி? நீங்க நறுவிலிக்குளத்தில இருந்து இங்க எருக்கலம்பிட்டிக்கு வந்து ஒரு கிழமைதான், உங்களுக்கு இந்த றாபியாவத் தெரியாது. நான் மூச்சு விடாமக்கூட இருப்பன், கதைக்காம இருக்க ஏலுமா?

நீங்க உடுப்பக் காயப்போடுங்கோ. நான் இந்த வேலியோட நிண்டு கதைச்சிட்டுப் போறன்.

ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் மிஸ்... "சாப்பிடுற நேரம் சாப்பாட்டப் பத்தியும் கதைக்கக்கூடாது, மகள்ற உடம்பப் பத்தியும் கதைக்கக்கூடாது" எண்டுறா. அப்ப எதப் பத்திக் கதைக்கிற? எனக்கு வேற என்ன தெரியும்?

என்ட இர்ஷானாவக் கண்டிருப்பீங்க. இந்த வெக்கையிலயும் சுவெட்டர் போட்டுக்கொண்டு திரியிறாளே, அவதான். திங்கள் நோன்பு, வியாழன் நோன்பு எண்டு புடிச்சாள். பிறகு செவ்வாயும் புடிச்சாள், புதனும் புடிச்சாள். நானும் பெருமையில ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். மச்சி பஸ்னாட மகள் றமழான்லயே களவாப் பெட்டிஸ் திங்கிறவள் எண்டும் சேத்துச் சொன்னன்... அது வேற கதை, விடுங்கோ.

நோன்பு துறக்கிற நேரம் கஞ்சிக் கோப்பையத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போவாள். "காத்தாடக் குடிக்கிறன் உம்மா." இந்த மன்னார்க் கழுதையெல்லாம் பாங்கு சொல்ல முன்னமே வந்து வரிசையா நிக்கும்! கழுதைக்கும் நேரம் வெளங்குதே, சுபஹானல்லாஹ் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். ஒவ்வொண்டும் உருண்டு திரண்டு... சிரிக்காதீங்கோ தங்கச்சி.

பள்ளிக்கூடத்தில மயங்கி விழுந்த பிறகுதான் டொக்டரிட்ட போனம். தலமுடி கொட்டுது, நாடி மெதுவாப் போயிட்டுது, இப்பிடியே விட்டா இருதயம் தாங்காதாம். இது புடிவாதமில்ல, நோயாம். ஆர்ட பிழையெண்டு தேடாம, கூட இருந்து சாப்பிட வெக்கிறதுதான் மருந்தாம். மௌலவியும் சொல்லிட்டார், நோயாளிக்கு நோன்பில்ல எண்டு.

நேத்து நான் வாயே தொறக்கல்ல, அல்லாஹ்வாண! கண்ணால மட்டும்தான் பார்த்தன். பிறகு ஒரே ஒரு சொல்லு... "இன்னமொரு மீன்துண்டு?" எண்டன். அவ்வளவுதான்! கதிரையத் தள்ளிட்டு எழும்பிட்டாள். என்ட மனுசன் வஸீர் என்னப் பார்த்தார் பாருங்கோ... நடுக்கடல்ல வள்ளத்தால தள்ளிவிடுற பார்வை! அதுதான் இண்டைக்கு நானே வெளிய வந்திட்டன். வாப்பாவும் மகளும் இருந்து தின்னட்டும்.

உங்கட பக்கத்தால எங்கட குசினி ஜன்னல் தெரியுமே, கொஞ்சம் எட்டிப் பாருங்கோ. கை வாய்க்குப் போகுதா? ...இல்லயா? ...பிசைஞ்சுகொண்டு இருக்கிறாளா? யா அல்லாஹ்...

நில்லுங்கோ, நில்லுங்கோ. கூப்பிடுறாளா? ஆர, என்னயா?

வாறன் மகள்!

கேட்டீங்களா தங்கச்சி? "வாப்பா ஒண்டும் கதைக்கிறாரில்ல, தட்டப் பார்க்கப் பயமா இருக்கு, நீங்க வந்து ஏதாவது கதையுங்கோ உம்மா" எண்டுறாள்! என்னத்தான் கூப்பிடுறாள்!

ஐயோ, கெதியா எனக்குச் சோறு இல்லாத கதை ஒண்டு சொல்லித் தாங்கோ. மீனும் வராம, மெலிவும் வராம... என்ன முழிக்கிறீங்க? சரி, உங்கள வெச்சே சமாளிக்கிறன். பக்கத்து வீட்டுக்கு ஒரு மனுசி வந்திருக்கு, ஒரு கிழமையா வாயே தொறக்குதில்ல எண்டு தொடங்கினா, அவள் தின்னு முடியுமட்டும் இழுக்கலாம்.

கோவிக்காதீங்கோ, என்ன? கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவன்!