பதினான்காவது நிகழ்ச்சியில் சிக்கிய சான்றிதழ்

இவ்விழாவுக்குத் தலைமையேற்று, காலை பத்து மணி முதல் அந்த நாற்காலியை விட்டு அசையாமல் அமர்ந்திருக்கும் தமிழ் மன்றத் தலைவர் லிங்கப்பன் ஐயா அவர்களே! செயலைவிடச் சால்வையை அதிகம் சுமந்த செயலாளர் குமார் அவர்களே! வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார், இதோ மண்டியா தாண்டிவிட்டார் என்று மணிக்கொருமுறை அறிவிக்கப்படும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, எங்கிருந்தாலும் வணக்கம்! ஹனூரிலிருந்தும் கொள்ளேகாலிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த பெரியோர்களே! பசித்த பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன்.

என் பெயர் பூங்குழலி. இருபத்திரண்டு வருடமாக இந்த மைசூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டி.சி. எழுதிக் கொடுக்கிற குமாஸ்தா. மாணவி அஷ்வினியை வாழ்த்திப் பேச எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். வாசலில் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். வாழ்த்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பார்த்தீர்களா அதை? "சென்னை அரசுப் பல்கலைக்கழகம் செல்லும் எங்கள் செல்வமே, வருக! வெல்க!" மேலே நிர்வாகிகள் பதினோரு பேர் கூலிங்கிளாஸோடு சிரிக்கிறார்கள். அஷ்வினி எங்கே? கீழே, அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில்! அவளுக்கே இன்னும் இடம் கிடைக்கவில்லை! யாருக்கு ஐயா கிடைத்தது? பதினோரு பேருக்கா?

என்ன தொட்டையன் அண்ணா, கைதட்டுகிறீர்களா? கொஞ்சம் இருங்கள். அந்தப் பதினோரு பேரில் நீங்களும் ஒருவர்.

விஷயத்துக்கு வருகிறேன். அஷ்வினி எங்கள் கல்லூரியில் புள்ளியியல் படித்தாள். முதல் வருடம் முடிந்தது, ஆள் சேரவில்லை என்று அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். "காமர்ஸ் எடுத்துக்கோம்மா, எல்லாம் கணக்குத்தானே" என்று ஒரு மகான் புத்தி சொன்னார். அவள் கேட்கவில்லை. சென்னையில் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர வழி இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடித்தாள். வெளிமாநிலத்தவருக்கு மூன்றே இடம். முட்டி மோதுகிறவர்கள் முந்நூறு பேர்!

அங்கே போன் போட்டாள். "ஆதார்ல கர்நாடகா அட்ரஸ் இருக்கு. அப்ப நீங்க அதர் ஸ்டேட்தாம்மா" என்றார் ஒருவர். "சார், எங்க வீட்ல தமிழ்தான் சார் பேசறோம்" என்றாள். அவர் சொன்னார்: "வீட்ல என்ன வேணா பேசுங்க. ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல." இங்கே மைசூரில் ரூம் தேடிப் போனால் "நீவு தமிளரா?" என்று கேட்டுக் கதவைப் பாதி சாத்துகிறார்கள். அங்கே போனால் கர்நாடகா, இங்கே இருந்தால் தமிழ்! பாவம், அந்தப் பெண் எந்தக் கட்டத்தில்தான் நிற்பாள்?

சரி, அவர்கள் அந்நியர்கள். நாம் யார்? சொந்தக்காரர்கள்! சொந்தக்காரர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடத்தில் படித்தவள் அவள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்று ஒரு சான்றிதழ் வைத்தால்தான் அந்த விண்ணப்பத்தையே எடுத்துப் பார்ப்பார்கள். நம் மன்றத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்து, தேர்வெழுதி, தொண்ணூற்று நான்கு மதிப்பெண் வாங்கியவளுக்கு அந்தச் சான்றிதழ் எப்போது கிடைத்திருக்க வேண்டும்? சித்திரையில்! கிடைத்ததா?

அவள் அப்பா ஜடையன், மஞ்சள் நடவை விட்டுவிட்டு ஹனூரிலிருந்து மூன்று தடவை வந்தார். "ஏனுங்க, அந்தப் பேப்பரக் குடுத்தீங்கன்னா புள்ள அனுப்பிச்சுப் போடுமுங்க" என்று கைகட்டி நின்றார். நம் செயலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்வல்ப இருங்க ஜடையன். ஃபங்ஷன்ல எம்.எல்.ஏ. கையால கொடுக்கறோம். மரியாதை பேடவா, வேண்டாமா உங்களுக்கு?" விழா ஒருமுறை தள்ளிப்போனது. எம்.எல்.ஏ.வுக்குத் தேதி இல்லை. இரண்டாம் முறையும் தள்ளிப்போனது. ஃபிளெக்ஸ் மட்டும் தள்ளிப்போகவே இல்லை, சரியான நேரத்துக்கு வந்து நின்றது!

எது ஐயா மரியாதை? மாலையா மரியாதை? மைக்கா மரியாதை? மேடையேற்றி மூன்று நொடி போட்டோவுக்கு நிற்க வைப்பதா மரியாதை? வேண்டிய காகிதத்தை வேண்டிய நாளில் கொடுப்பது மரியாதை இல்லையா? எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு டி.சி.யை நான் பூட்டி வைத்திருந்தால் என்னை விட்டு வைப்பீர்களா?

செயலாளர் சீட்டு அனுப்புகிறார், நேரம் முடிந்ததாம். குமார் அவர்களே, உண்மையில் எந்த நேரம் முடியப் போகிறது தெரியுமா? விண்ணப்பம் வாங்கும் அந்த இணையதளம் இன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. இப்போது மணி மூன்றரை. உங்கள் அழைப்பிதழில் சான்றிதழ் வழங்குதல் பதினான்காவது நிகழ்ச்சி. நான் ஐந்தாவது நிகழ்ச்சி. எனக்குப் பின்னால் இரண்டு கோலாட்டம் இருக்கிறது!

அதனால் மன்னியுங்கள். அந்தத் தாம்பாளத்தை இப்படித் தள்ளுங்கள். இந்தச் சால்வையை எடு, இந்தச் சால்வையையும் எடு... இதோ சான்றிதழ்! அஷ்வினி, மேலே வாம்மா. அடடே! ஐயா லிங்கப்பன் அவர்களே, இதில் உங்கள் கையெழுத்தே இல்லையே! அதையும் கேமரா முன்னால் போடுவதாக இருந்தீர்களா? இந்தாருங்கள் என் பேனா. போடுங்கள். தேதியையும் போடுங்கள். நன்றி ஐயா, மொத்தம் நான்கு நொடிதான் ஆனது. மூன்று மாதமாகக் கிடைக்காத நான்கு நொடி!

காலில் விழாதே பெண்ணே, எழுந்திரு. போட்டோக்காரத் தம்பி, வழியை விடுங்கள். கீழே என் ஆபீஸ் பெண் கமலம்மாள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஓடு!

இவளுக்கு இடம் கிடைக்குமா? எனக்குத் தெரியாது. முந்நூறு பேரில் மூவர்! கிடைக்காமலும் போகலாம். போனால் இவளைவிட நன்றாகப் படித்தவர்களிடம் தோற்றுப் போகட்டும், தலைநிமிர்ந்து தோற்கட்டும்! நம் போட்டோ ஆசையிடம் தோற்கக் கூடாது. நம் சால்வைக்கு அடியில் கிடந்து தோற்கக் கூடாது. அவள் முந்நூறு பேரோடு போட்டியிடட்டும்; முந்நூற்றோராவது ஆளாக நாம் குறுக்கே நிற்கக் கூடாது!

என்ன கமலம்மாள், கை காட்டுகிறாய்? விண்ணப்பம் ஏறிவிட்டதா? சத்தமாகச் சொல், எல்லோருக்கும் கேட்கட்டும். ஏறிவிட்டதாம்! ஜடையன் அண்ணா, கண்ணைத் துடையுங்கள். இப்போது தட்டுங்கள் எல்லோரும், தொட்டையன் அண்ணாவும் தட்டலாம்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், பேனாவைத் திருப்பிக் கொடுத்த தலைவருக்கும் என் நன்றி. எனக்குப் போர்த்த ஒரு சால்வை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதை வாசலில் இருக்கும் அந்த ஃபிளெக்ஸுக்குப் போர்த்துங்கள், மேல்பாதியில், பதினோரு முகத்துக்கும் சேர்த்து. கீழே அந்தப் பெண் மட்டும் தெரியட்டும். வணக்கம்!