இரும்பு நிறம்

பிளாஸ்டிக்கைப் பற்றி யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் பொறுமை உள்ளவன் கையில் அது எதுவாக வேண்டுமானாலும் ஆகும். இதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாக விளங்கிவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா.

பகலில் நான் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களுக்கு விலாசச் சீட்டு ஒட்டுகிறேன். வீட்டுக்கு வந்தால் வண்டி செய்வேன். பெட்டியில் போட்டு விற்கிறார்களே, சின்ன லாரி, ஜீப், வேன், அதுதான். பாகங்கள் ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல இருக்கும். நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்துச் சேர்க்க வேண்டும். பெட்டியில் இருக்கிறபடியே செய்தால் அது கம்பெனிக்காரன் வண்டி. நான் அப்படி விடமாட்டேன். புது லாரியைப் பல வருஷம் அடிபட்ட லாரியாக்குவேன். முதலில் துருவின் நிறத்தை அடித்து, ஈரத்தில் உப்பைத் தூவி, அதன்மேல் வண்டியின் நிறத்தை அடிப்பேன். காய்ந்தபின் உப்பைத் தேய்த்தெடுத்தால், பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துரு எட்டிப் பார்க்கும். கனம் போதாவிட்டால் உள்ளே ஈயத் துண்டு. ஒருமுறை என் மனைவி ஒரு லாரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, துரு ஒட்டியிருக்கும் என்று போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவளுடைய அண்ணன் மெக்கானிக். சொந்தப் பட்டறை, சொந்த வேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். சிரங்கு பிடித்தவன் கையும் இரும்பு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது என்பார்கள். மச்சானுக்கு என் அலமாரியைத் திறக்காமல் சாப்பிட உட்கார முடியாது.

"மாப்ள, நீங்க எத்தன கோட்டு அடிச்சாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். இரும்போட களையே வேற. தூரத்துல நின்னே சொல்லிடுவேன்."

"விடுண்ணா, அவருக்கு அதுதான் பொம்ம" என்று சிரித்தாள் என் மனைவி.

கை கழுவியவளும் அவள்தான். எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் வரவில்லை. கோபக்காரனால் இந்த வேலை செய்ய முடியாது, கை நடுங்கும்.

அவருடைய வேனையே சின்னதாகச் செய்யப்போகிறேன் என்றதும் மனிதருக்கு ஒரே பெருமை. என்னைக் கூடவே வண்டிக்கு அடியில் படுக்க வைத்து, ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டினார். "இந்த போல்ட்டு போச்சுன்னா ஸ்டீயரிங் சும்மா சுத்தும் மாப்ள, சக்கரம் அது பாட்டுக்குப் போகும்." நான் படம் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சின்னதாகவே செய்து பழகியவன், முதல் முறையாக ஒன்றை, அந்த போல்ட்டை, பிளாஸ்டிக்கில் நிஜ அளவில் செய்தேன்.

அடுத்த ஞாயிறு மச்சான் உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தார். நான் வேனுக்கு அடியில் போய் இரும்பு போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னுடையதை மாட்டிக் கிரீஸும் தூசியும் தடவிவிட்டு வந்தேன். அன்று அவர் தங்கையையும் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் அவர்களுடைய அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. மலைப்பாதை என்றால் டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்க்காமல் கிளம்பமாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். வெளிச்சம் என் போல்ட்டின்மேல் வந்து நின்றது. பிறகு நகர்ந்தது.

"எல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

என் ஆயுசில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு, இரும்பை மாட்டி அனுப்புவதுதான் என் எண்ணம். வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் மச்சான் கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். 'எனக்கு அப்பவே தெரியும் மாப்ள, நீங்க எதுவரைக்கும் போறீங்கன்னு பாத்தேன்' என்றிருப்பார். அவள் மறுபடியும் சிரித்திருப்பாள். அதனால் வண்டியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

"என்னங்க, பையில என்ன இப்பிடித் தொங்குது?" என்று கேட்டாள்.

"பழைய போல்ட்டு" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

மலை ஏறும்வரை அது தாங்கியது. மறுநாள் இறங்கும்போது வளைவில் முறிந்தது. மச்சானை வெளியே இழுத்துவிட்டார்கள். அவளை இழுக்க முடியவில்லை.

உங்கள் வண்டி ஆய்வாளர் உடைந்த துண்டைக் கையில்கூட எடுக்காமல், "பழைய இரும்பு, துரு தின்னுடுச்சு" என்றாராம். ஆஸ்பத்திரியில் மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். "நான்தானே பாத்தேன் மாப்ள, என் தங்கச்சிய நானே கொன்னுட்டேனே" என்கிறார். ஒருவருக்கு இருவர் இரும்பு என்று சொன்ன பிறகும் நான் பேசாமல் இருந்தால், அது என் உழைப்புக்கு நானே செய்கிற துரோகம். அதனால்தான் யாரும் தேடாமல் நானாக வந்தேன். மேசைமேல் வைத்திருக்கிறேனே, இதுதான் நிஜ இரும்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மனைவிமேல் பாசமே இல்லையா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அப்படிக் கேட்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். "நாளைக்கு பஸ்ல வந்துடவா, இல்ல அண்ணன்கூடவே வரட்டுமா?" என்று என்னைத்தான் கேட்டாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், நின்றுகொண்டே வர வேண்டும், அவளுக்கு முதுகுவலி வேறு. வேனிலேயே வா, முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள் என்றேன்.