ஒன்றரையே அரைக்கால் அங்குலம்

இந்த நாற்காலி லேசாக ஆடுகிறது, மேடம். பின்கால் ஒன்றின் கீழே அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் உலோக அச்சு செய்தவன் நான். கோணல் ஒன்று கண்ணில் பட்டால் பேச்சில் மனம் போகாது.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் பத்தொன்பது தோட்டாக்களும் என்னுடையவைதான். போன மாதச் சூறைக்காற்றில் என் கொட்டகையின் கூரை போனபோது, உதவிக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள் என்று சொன்னீர்கள். பெட்டியின் மேல் இருப்பதும் என் கையெழுத்துதான். வெண்டல் டெக்கர் என்ற பெயர், தேதி. பெட்டியில் தேதி போடாமல் நான் எதையும் கொடுத்ததில்லை.

நீங்கள் சிகாகோவில் வளர்ந்தவர் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். இங்கே இண்டியானாவில் மான் வேட்டைக்கு ரைபிள் கொண்டுபோக வேண்டுமானால், தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றரையே அரைக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நிலம் தட்டை, வயல்களுக்கு நடுவே வீடுகள். நீளமான தோட்டாவென்றால் குண்டு எங்கே போய் நிற்குமோ என்ற பயம். கடையில் கிடைக்கும் நல்ல கூடுகள் எல்லாம் அதைவிட நீளம். ஆகவே வெட்டிக் குறைக்க வேண்டும். கூட்டை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, வெடிமருந்து நிரப்பிக் குண்டு பொருத்துவது என் வேலை. அந்தக் குட்டைத் தோட்டா உட்காரும்படி துப்பாக்கியின் குழாயைக் குடைவது என் நண்பன் வெண்டலின் வேலை. இந்தச் சுற்று வட்டாரத்தில் அறுபது பேராவது எங்கள் துப்பாக்கியோடுதான் காட்டுக்குப் போனார்கள்.

வனவிலங்கு அதிகாரி ஒருவர் ஒவ்வொரு நவம்பரிலும் வந்து அளப்பார். ஒரு வருடம் தானியக் கிடங்கில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, "லோவல் பெட்டிய இனிமே நான் தொறக்கவே வேண்டாம்யா" என்றார். என்னைத்தான் சொன்னார். உடனே வெண்டல் வாயைத் திறந்தான்.

"லோவல் ஏன் கல்யாணம் பண்ணிக்கல, தெரியுமா? பாத்த பொண்ணு ஒரு நூல் கூடிப்போச்சாம். வெட்டித் தரச் சொன்னானாம், பொண்ணு ஓடியே போயிட்டா."

சிரித்தார்கள். ஆர்டித்தும் சிரித்தாள். வெண்டலின் மனைவி. அதற்காக இதைச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது தவறு. எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வெண்டல் மேல் கோபமே கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், வேட்டைக்காலம் ஒரு சனிக்கிழமை தொடங்குவதாக இருந்தது. வியாழன் மாலை வெண்டல் வந்து, இருபது தோட்டாக்கள் கொண்ட அந்தப் பெட்டியை வாங்கிப் போனான். வெள்ளி மதியம் வேலைமேசையைத் துடைக்கும்போது மருந்து டப்பாக்களைப் பார்த்தேன். ஒன்று ரைபிளுக்கு, மற்றொன்று கைத்துப்பாக்கிக்கு. ரைபிள் டப்பா குறைந்திருக்க வேண்டும். அது நிறைய இருந்தது. குறைந்திருந்தது மற்றது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரிவது. ரைபிளுக்கான அளவில் அதை அடைத்தால் குண்டு பாய்வதற்குள் துப்பாக்கியே பிளந்துவிடும்.

தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவும் எடுத்தேன். ஆனால் என்ன சொல்வது? தோட்டா செய்யத் தொடங்கிய முப்பத்தோரு வருடத்தில் ஒரு கூடுகூட நான் தவறாகக் கொடுத்ததில்லை. சொன்னால் அன்று மாலைக்குள் தானியக் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். வெண்டல் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். ஆகவே ரிசீவரை வைத்துவிட்டு, சரியான மருந்தில் இன்னொரு இருபது செய்தேன். அதே மாதிரிப் பெட்டி, அதே பெயர், அதே தேதி. காலையில் எப்படியாவது மாற்றி வைத்துவிடலாம் என்பது என் திட்டம். யாருக்கும் தொந்தரவில்லாத திட்டம்.

ஆறு மணிக்கு வெண்டலே கூப்பிட்டான்.

"லோவல், எனக்குத் தோள் எழும்பலடா. நாளைக்கு ஆர்டித் தனியா போறா. முத வருஷம், ஒரே குஷி. தோட்டா எல்லாம் சரிதானே? ஒரு வாட்டி சுட்டுப் பாத்துடட்டுமா?"

"எதுக்கு வீணாக்குற? எல்லாத்தையும் அளந்தாச்சு. சட்டத்துக்கு உள்ளதான் இருக்கு."

"நீ சொன்னா சரி."

நான் பொய் சொல்லவில்லை. நீளம் சட்டத்துக்கு உள்ளேதான் இருந்தது. இப்போது வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். சுட்டுப் பார்த்திருந்தால் வெண்டலுக்கு அடிபட்டிருக்கும், அதையும் நினைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை விடியும்போது, நாங்கள் வழக்கமாக வண்டி நிறுத்தும் சோளக்காட்டு ஓரத்துக்குப் போனேன். ஆர்டித் ஏற்கெனவே வந்திருந்தாள். ஆரஞ்சு நிறக் கோட்டு, அதன் வலப் பையில் பெட்டி. அதன் மூலை வெளியே தெரிந்தது. குடுவையிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.

"மான் வந்து நின்னா எனக்குக் கை நடுங்குமா லோவல்?"

"நடுங்கும். மூச்ச வெளிய விட்டுட்டுச் சுடு."

"வெண்டல் சொல்றான், நான் மானுக்கு ஹலோ சொல்லிட்டு வந்துருவேனாம்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நல்ல பெட்டி என் பையில் இருந்தது. அதை நீட்டி, "இதை வச்சுக்கோ, அதைக் குடு" என்று சொல்லியிருக்கலாம்தான். ஏன் என்று அவள் கேட்டிருப்பாள். பக்கத்தில் வேறு இரண்டு பேர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளில் பாதிப் பேர் ஒரு குண்டுகூடச் சுடாமல்தான் திரும்புவார்கள். அவளோ புதியவள். மான் அவள் பக்கம் வராது என்று நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. காப்பி நன்றாக இருந்தது. கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

ஏழேகாலுக்குச் சத்தம் கேட்டது. அது குண்டு பாய்கிற சத்தமில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் காட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். ஓக் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தின் வலப்பக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களிடம் படம் இருக்கிறது. கழுத்திலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நினைவு இருந்தது.

"லோவலா? எனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அசையாத."

"அழுத்திப் பிடி லோவல், கழுத்துல. குளிருது."

பிடித்தேன். ஒரு கையால் பிடித்தேன். மற்றக் கையால் அவள் கோட்டுப் பையிலிருந்த பெட்டியை எடுத்தேன். பிறகு பெட்டியை மாற்றுவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பழைய பெட்டியில் பத்தொன்பது இருந்தன, ஒன்று துப்பாக்கிக்குள். ஆகவே நல்ல பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டு, அதை அவள் பையில் வைத்தேன். கணக்கு சரியாக இருக்க வேண்டுமல்லவா. பிளந்த கூட்டின் துண்டுகளையும் இலைகளுக்குள் தேடிப் பொறுக்கினேன். அதற்குத்தான் சற்று நேரம் ஆனது. இடையில் அவள் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டாள். அதன் பிறகு மற்றவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

கையை எடுத்திருந்தது எத்தனை நிமிடம் என்று கேட்கிறீர்கள். எட்டு, ஒன்பது இருக்கலாம். பின்னால் ஒரு மருத்துவரிடம் பொதுவாக விசாரித்தேன். அப்படிப்பட்ட காயத்துக்குத் தொடர்ந்து அழுத்திப் பிடித்திருந்தால் சிலர் பிழைப்பதுண்டு என்றார். சிலர்தான்.

மிச்சமிருந்த தோட்டாக்களைப் பிரித்துச் சோதித்தார்கள். பத்தொன்பதும் சுத்தம். ஆகவே பிழை குழாயில் என்று முடிவு செய்தார்கள். வெண்டல் மறுக்கவில்லை. "குடைஞ்சது நான்தான்" என்றான். அதோடு சரி. கடைசல் இயந்திரத்தைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினான். அன்றிலிருந்து இரண்டு வருடமாக வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. படுக்கையில் படுக்காமல் நாற்காலியிலேயே தூங்குகிறான். ஆர்டித்தின் கோட்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

ஆம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். தோட்டா தவறு என்று தெரியும், அவள் சுடப் போகிறாள் என்று தெரியும், கையை எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஆனால் நான் வெண்டலைக் கைவிட்டவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊரில் எல்லோரும் போவதை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுபோய் அவனைச் சாப்பிட வைக்கிறேன். போன வாரம்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தோளைத் தட்டிக் கொடுத்தேன். "விடு வெண்டல், தப்பு எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். "நீ ஒத்துக்கிட்டே பாரு, அதுவே பெரிய விஷயம். நான் உன்ன மன்னிச்சுட்டேன்."