கயிறு கட்டினவர் பேசக் கூடாது

— பேசாதீங்கண்ணா! பேசினீங்கன்னா கயித்தை அவுத்துட்டு முதல்ல இருந்து கட்டோணும்.

— நான் எங்க கண்ணு பேசினேன்? இருமினேன்.

— இருமறப்ப ‘ரோட்டுப் பக்கம்’னு கேட்டுச்சே?

— இருமல்தான் சாமி. நேத்து மழையில நனைஞ்சது.

— அண்ணி, நீங்களே சொல்லுங்க. உங்க ஊட்டுக்காரர் இருமினாரா, பேசினாரா?

— எனக்கெதுக்கு சசி வம்பு? நான் வாக்கப்பட்டு வந்தவ. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நான் வாயே தொறக்க மாட்டேன். ஆனா இருமல்ல அத்தனை சுத்தமா வார்த்தை வராது. அதை மட்டும் சொல்லிக்கறேன்.

— ஏய் காவேரி!

— பாத்தீங்களா அண்ணி, இப்ப நெசமாவே பேசிட்டாரு.

— பொண்டாட்டியத் திட்டறதுக்கு உயில்ல தடை இல்லை. நிலத்தப் பத்தித்தான் பேசக் கூடாது. சட்டம்னா சட்டம்.

— சரிங்கண்ணா, அந்தச் சட்டத்தையே ஒருக்காச் சொல்லுங்க. எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னைக்கு உங்க வாயால கேக்கோணும்.

— வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பல் ஏறறப்ப, நம்ம தாத்தாவோட தாத்தா அங்கமுத்து மேஸ்திரிக்குக் குடுத்துட்டுப் போன காடு இது. ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறு வாக்குல மேஸ்திரி உயில் எழுதினாரு. ‘மூத்தவன் நிலத்தை இரண்டாகக் கயிறு கட்ட வேண்டியது. இளையவன் தனக்கு இஷ்டமான பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டியது. இளையவன் ஒரு பிடி மண் அள்ளி மடியில் முடிகிறவரை மூத்தவன் அந்த நிலம் குறித்து ஒரு வார்த்தையும் பேசப்படாது. அள்ளினது அள்ளினதுதான்.’ போதுமா?

— ஏனுங்க, அந்தப் பேசப்படாதுங்கறதை எதுக்குங்க வெச்சாரு? நானும் இத்தனை வருசமாக் கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன்.

— அவரோட மூத்த பையன் நொண்டி மாட்டைச் சந்தையில நல்ல மாடுன்னு பேசியே வித்துட்டு வந்தவனாம். இவன் வாயத் தொறந்தா தம்பிக்குப் பாறைதான் மிஞ்சும்னு கெழவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

— உங்க வாய் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதுங்க.

— அண்ணி, உயில் பேப்பரை நீங்க பாத்திருக்கீங்களா?

— பேப்பரை எப்பவோ கரையான் தின்னாச்சுன்னு மாமா சொல்லுவாரு.

— தின்னா என்ன? தாத்தா இப்படித்தான் பிரிச்சாரு, அப்பா இப்படித்தான் பிரிச்சாரு. சித்தப்பா வேட்டி மடியில மண்ணு முடிஞ்சதை நான் இந்தக் கண்ணால பாத்தேன்.

— எல்லாரும் வேட்டிதானுங்கண்ணா. முந்தானையில முடியப் போறது நான்தான் முதல்ல.

— அதுக்குத்தான் பட்டுச் சேலையா? காப்பிக் காட்டுக்குள்ள பட்டு கட்டிட்டு வந்தவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

— ஆமாங்கண்ணி, அதுக்குத்தான். அத்தைங்க எல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுச் சீர் வாங்கிட்டுப் போனாங்க. எனக்கும் அதுதான்னு நினைச்சிருந்தேன். அப்பா வருசத் தெவசம் முடிஞ்ச கையோட அண்ணன் போன் பண்ணினாரு. ‘சசி, கயிறு கட்டப் போறேன், நீ வந்து எடுத்துக்க’ன்னாரு. போனை வெச்சுட்டு அப்படியே நின்னுட்டேன். ஏற்காடு ஏரிக்கரையில நான் போட்டுட்டு இருந்த பஜ்ஜி சட்டியிலயே கரிக்கட்டை ஆயிருச்சு. வாங்க வந்த டூரிஸ்ட் பொண்ணு, ‘ஏங்க்கா அழுவறீங்க?’ன்னு கேட்டுச்சு. வெங்காயம்னு சொன்னேன்.

— மொளகா பஜ்ஜிக்கு எதுக்குடி வெங்காயம்?

— அந்தப் பொண்ணும் அதையேதான் கேட்டுச்சுங்கண்ணி.

— போதும் போதும். வெயிலு ஏறறதுக்குள்ள நடந்து பாரு கண்ணு.

— சரிங்கண்ணா. கயிறு எங்க ஆரம்பிக்குது? இந்த சில்வர் ஓக்கா?

— ம்.

— இங்கிருந்து அந்தப் பலா மரம் வரைக்கும்?

— ம்.

— ‘ம்’ பேச்சுல சேராதா?

— சேராது. சட்டம்னா சட்டம்.

— அண்ணி, சித்த இங்க வாங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியுதான்னு பாருங்க. கயித்துக்கு மேல ரோட்டோரமா ஒரு துண்டு. சேலைக்குக் கரை வெச்ச மாதிரி. அவ்வளவுதானே?

— அவ்வளவுதான்.

— கயித்துக்குக் கீழ மிச்சம் எல்லாம். காப்பி, மொளகுக் கொடி, ஊத்து, ஊடு, கோழிக் கூடு, நீங்க.

— என்னையும் நிலத்தோட சேத்துட்டியா?

— ஏனுங்கண்ணா, இதுதான் நீங்க பிரிச்ச லட்சணமா? தங்கச்சிக்கு ரோடு, உங்களுக்குக் காடு?

— க்கும்... க்கும்...

— இருமாதீங்க!

— ஏனுங்க, அவ மொகம் சிவந்து போச்சுங்க. நான் சொல்லிரட்டுமா?

— ம்.

— நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் சொல்றேன். கேளு சசி, பொண்டாட்டி பேசக் கூடாதுன்னு மேஸ்திரி எழுதி வெக்கலை. உங்கண்ணனுக்கு நொம்ப நாளாத் தூக்கமே இல்லை. கயித்தைக் கட்டறதும் அவுக்கறதுமா இருந்தாரு. ரோட்டோர இடத்துக்கு இப்ப என்ன மரியாதைன்னு உனக்கே தெரியும். காட்டேஜ் கட்டறேன்னு சேலத்துல இருந்து காரு போட்டுட்டு வந்து ஆளுங்க கெஞ்சறாங்க. அதுல ஒரு துண்டு இதுல ஒரு காட்டுக்குச் சமம். நீயும் ஏரிக்கரையில குடையப் புடிச்சுக்கிட்டு பஜ்ஜி போடறவ. ரோட்டு மேலயே கடை வெச்சா ராணியாட்டம் உக்காந்துக்குவியாம். அப்படி ஒரு நினைப்பு அவருக்கு.

— எனக்குக் கடைதான் வேணும்னு யாரு சொன்னாங்க?

— யாரும் சொல்லலை.

— அப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?

— எப்படிக் கேக்கறது கண்ணு? கேக்கக் கூடாதே! அதுதானே சட்டம்!

— பேசிட்டீங்க.

— சட்டத்தப் பத்தித்தான் பேசினேன். நிலத்தப் பத்திப் பேசலை.

— சரி. நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. நான் கீழ வரைக்கும் போய்ப் பாத்துட்டு வர்றேன். பின்னால வராதீங்க.

— பாத்துப் போ சசி! வழுக்கும்! பட்டு!

— போகட்டும் விடு காவேரி.

— ஏனுங்க, கோவமாப் போறாளுங்க.

— கோவம் வந்தா அவ அப்படித்தான். குட்டிப் புள்ளையில இருந்தே ஊத்துக்குப் போய் மொகங் கழுவுவா. அப்புறம் சிரிச்சுட்டு வருவா. ரோட்டைத்தான் எடுப்பா, நீ வெசனப்படாத.

— நான் எங்க வெசனப்பட்டேன்? நீங்கதான் என் கையை நசுக்கிட்டு நிக்கறீங்க.

— அட, ஆமா.

— ஊத்துக்கிட்ட போயிட்டா. காப்பிப் பூவை ஒடிச்சு மோந்து பாக்கறா.

— பாக்கட்டும்.

— குனியறாளுங்க.

— தண்ணி குடிப்பா.

— தண்ணி குடிக்கறதுக்கு எதுக்குங்க முந்தானைய விரிக்கறா?

— சசி! ஏ சசி!

— அள்ளிட்டேனுங்கண்ணா! கீழ்ப் பக்கம் எனக்கு!

— அய்யய்யோ, மண்ணை முடிஞ்சுட்டாளுங்க! பட்டுச் சேலையில முடிஞ்சுட்டா! இதென்ன சசி வெளையாட்டு? ஊடு கீழ இல்ல இருக்குது? என் அடுப்பு, என் கோழி, நான் கொடத்துல தூக்கித் தூக்கி ஊத்தி வளத்த கறிவேப்பிலைச் செடி எல்லாம் கீழ இல்ல இருக்குது?

— காவேரி, சும்மா இரு.

— எப்படிங்க சும்மா இருக்கறது?

— அள்ளினது அள்ளினதுதான். எங்கப்பா கயிறு கட்டினப்ப சித்தப்பா நல்ல காட்டை எடுத்துக்கிட்டாரு. அப்பா ஒண்ணும் சொல்லலை. துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, ‘வா தம்பி, சாப்பிடலாம்’னாரு. அந்த மனுசனுக்குப் பொறந்துட்டு நான் மட்டும் சண்டை புடிக்கறதா?

— இப்ப நீங்க பேசலாமுங்கண்ணா. மண்ணை முடிஞ்சாச்சு.

— பேசோணும் பேசோணும்னு நெஞ்சு முட்ட வெச்சிருந்தேன் கண்ணு. இப்ப ஒண்ணுமே வர மாட்டேங்குது.

— எம்மேல கோவமா?

— எம்மேலதான். ஊருக்குள்ள எல்லாரும் ரோடு ரோடுன்னு ஓடறாங்க. நீயும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. கோவத்துலயா கீழ எடுத்த?

— பாதி கோவந்தான். என்னை ரோட்டுல நிறுத்திட்டீங்களேன்னு மேல இருந்து இறங்கறப்ப அழுதுட்டேதான் இறங்கினேன்.

— மீதிப் பாதி?

— மீதிப் பாதி ஊத்துங்கண்ணா. தீவாளிக்கு வர்றேன், நோம்பிக்கு வர்றேன். அண்ணி பாய் விரிச்சு, தட்டுல பலகாரம் வெச்சு, ‘சாப்பிடு கண்ணு’ங்கறாங்க. நானும் ஒறம்பரையாட்டம் சாப்பிட்டுட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடறேன். அங்க போனா வாடகை ஊடு. காலி பண்ணுன்னா பண்ணோணும். வெள்ளக்கடைக்கும் ஏற்காட்டுக்கும் மாறி மாறி எத்தனை தடவைதான் சாமானைத் தூக்கறது? நம்ம ஊட்டுல படுத்தா தலைமாட்டுல இந்த ஊத்துச் சத்தம் கேக்கும். அது இல்லாம எனக்கு இன்னும் சரியாத் தூக்கம் வர்றதில்லை. எந்தண்ணின்னு சொல்லி ஒரு கொடம் மோக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

— இதை நீ முன்னாலயே சொல்லியிருந்தா?

— நீங்க கேக்கலையே?

— கேக்கக் கூடாதே!

— கெழவன் உயில் எழுதினாரு, ரெண்டு பேத்து வாயையும் தைச்சுட்டுப் போயிட்டாரு.

— நீ சிரிக்கற காவேரி?

— அழுதா மட்டும் அடுப்பு மேல ஏறி வந்துருமா? சொல்லுங்க, இப்ப நாம எங்க போறது?

— ரோட்டோரமாத் தகரம் போட்டு ஒரு கொட்டாய் கட்டிக்கலாம்.

— கட்டிட்டு? நான் பஜ்ஜி போடோணுமா? எனக்கு வடையே ஒழுங்கா வராது.

— பேசிட்டே நிக்காத. பொழுது உச்சிக்கு வந்துருச்சு. வா கண்ணு, சாப்பிடலாம். காவேரி, போய் ஒலைய வெய்யி.

— ஏனுங்க சசிரேகா அம்மா, உங்க ஊட்டு அடுப்புல நான் ஒரு ஒலை வெச்சுக்கலாமுங்களா?

— அண்ணி! எனக்கு ‘ங்க’ போடாதீங்க. கைய எடுத்துக் கும்புடறேன். அடிக்கறதுன்னா அடிச்சுருங்க.

— பின்ன என்ன பண்றது? ஊட்டுக்காரிகிட்ட மரியாதையாத்தானே பேசோணும்?

— காவேரி, விடு. அவ அழுவறா பாரு.

— நானுந்தான் அழுவறேன், அதை யாரு பாக்கறா?

— நான் பாக்கறேங்கண்ணி. அண்ணா, அந்தக் கயித்தை அவுத்துட்டீங்களா?

— இன்னும் இல்லை. அப்புறம் அவுத்துக்கலாம்.

— இப்பவே அவுத்து எங்கையில குடுங்க.

— எதுக்கு கண்ணு?

— மேல் பக்கம் உங்களுது. அதுல கை வெக்க எனக்கு உரிமை இல்லை. கீழ்ப் பக்கம் என்னுது. இதுக்குள்ள நான் கயிறு கட்டக் கூடாதுன்னு மேஸ்திரி எழுதியிருக்காரா?

— எழுதலை.

— அப்பக் குடுங்க. இந்தக் காட்டுல முதல்ல மண்ணள்ளினவ நான். அதனால இங்க நான்தான் மூத்தவ. நீங்க இனிமேத்தான் உள்ள வரப் போறீங்க. நீங்க இளையவரு.

— என்ன கண்ணு சொல்ற? எனக்கு ஒண்ணும் வெளங்கலை.

— எனக்கு வெளங்குதுங்க! நீங்க மொதல்ல கயித்தை அவுங்க!

— ஊட்டுக்கும் ஊத்துக்கும் நடுவுல கட்டப் போறேன். இக்கட்டால ஊடு, கோழிக் கூடு, கறிவேப்பிலை, பாதிக் காப்பி. அக்கட்டால ஊத்து, மீதிக் காப்பி. தண்ணி பாட்டுக்குக் கயித்துக்கு அடியில ரெண்டு பக்கமும் ஓடிக்கும்.

— நான் எந்தப் பக்கம் சசி?

— அது எடுக்கறவரு கையில இருக்குதுங்கண்ணி.

— கண்ணு... நீ எந்தப் பக்கம் வேணும்னு நினைக்கற? அதை மட்டும் சொல்லிரு. இந்தத் தடவை நான் கேட்டுட்டே எடுக்கறேன்.

— கயிறு எங்கையில இருக்குதுங்கண்ணா. நீங்க ஒரு பிடி மண்ணை அள்ளி மடியில முடியற வரைக்கும் இனி நான் வாயத் தொறக்க மாட்டேன்.