வாங்கியவர் பெயர்

— மறுபடி படி, கீசோல். வாங்கினவன் பேரை மட்டும்.

— மா தே-கொன். எத்தனை தடவ படிச்சாலும் அதேதான், போராம் அக்கா.

— அதே பேருல வேற ஆள் இருக்கக்கூடாதா?

— கிம், லீன்னு இருந்தா தெருவுக்கு நூறு பேரு. ‘மா’ங்கிற குடும்பப் பேரு நம்ம ஊருல எத்தனை பேருக்கு இருக்கு? இது ஓக்சுன் அக்கா புருஷனேதான்.

— ஐயோ, போச்சுடா! தியேட்டர்காரன் ஒருத்தனும் நம்ம டாக்குமெண்டரி படத்தை வாங்கி ஓட்டல, நாமளே இணையத்துல கடை போட்டு வித்துக்கலாம்னு வந்தோம். கடைன்னா எவன் வேணா வருவான்னு தோணாமப் போச்சே!

— சும்மா பீதியக் கெளப்பாத அக்கா. படத்துல ஓக்சுன் அக்கா மொகத்தை மறைச்சாச்சு, குரலையும் மாத்தியாச்சு. சிப்பி உரிக்கிற அத்தனை பொம்பளைங்கள்ல அவங்க யாருன்னு எவனுக்குத் தெரியும்?

— அவன் வாங்கினது வெறும் படம் மட்டுந்தானா?

— அது வந்து...

— கீசோல், வாயத் தொற.

— பெரிய பேக்கேஜ். வெட்டாத பேட்டியும் சேர்த்து.

— அதுல மொகத்தை மறைச்சியா?

— அவசரத்துல ஏத்திட்டேன்க்கா. வெட்டாம ஒட்டாம இருந்தாத்தான் ஜனங்க வாங்குறாங்கன்னு நீதானே சொன்ன. மொகம் அப்படியே இருக்கு. பின்னாடி சிப்பிக் கொட்டகை போர்டும் தெரியுது.

— அடப்பாவி! அவன் அடிக்குப் பயந்து தோங்யோங் துறைமுகத்துல வந்து ஒளிஞ்சிருக்கிற பொம்பளைய, வாசல் வரைக்கும் வழி சொல்லிக் காட்டிக் கொடுத்துட்டோமேடா. மொதல்ல அதை எடு!

— கடையிலருந்து எடுத்தாலும், காசு கட்டினவங்களுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதை எப்படி நிறுத்துறதுன்னு தேடுறேன்.

— தேடு, தேடு. நான் போன் போடுறேன், ஸ்பீக்கர்ல நீயும் கேளு... ஓக்சுன் அக்கா! வேலைய அப்படியே போட்டுட்டுப் பையைத் தூக்குங்க!

— ஆரு, டைரக்டரம்மாவா? சத்தமாப் பேசுங்க. இங்க சிப்பி ஓட்டக் கொட்டுதாவ.

— உங்க புருஷன் நம்ம படத்தை வாங்கிட்டாருக்கா!

— அவனா? அவன் எங்க வாங்கினான்? வாங்கினது நாந்தாம்மா.

— நீங்களா? அவர் பேருல்ல வந்திருக்கு!

— பின்ன என்ன செய்ய? புதுசா ஐடி தொறக்கணும்னா சொந்தப் பேருல போன் இருக்கணுமாம். எம் போனே முதலாளியம்மா பேருல இருக்கு. ஒளிஞ்சி கெடக்கவளுக்கு ஏதும்மா சொந்தப் பேரு? அவன் பேருல இருந்த பழைய வீட்டு ஐடி ஞாபகம் இருந்துச்சு. பாஸ்வேர்டு எம் மவ பொறந்த நாளு, அது மறக்குமா? காசு நாந்தான் பேங்குல போயிக் கட்டுனேன்.

— போன உசுரு திரும்பி வந்துச்சுக்கா! கேட்டிருந்தா நானே சும்மா அனுப்பியிருப்பேனே.

— ஓசியில பாக்க நான் என்ன உங்க மாமியாளா? ராம்யோன் நூடுல்ஸையே தின்னு எடுத்த படம்லா. அதான் இருக்கதுலயே பெருசாப் பாத்து வாங்கினேன்.

— ஒரு நிமிஷம். நான் கீசோல் பேசுறேன். ஓக்சுன் அக்கா, இப்ப பேட்டிய ஓட விட்டிருக்கீங்களா?

— எங்கய்யா ஓட விட? ரெண்டு கையும் ரப்பர் உறைக்குள்ள கெடக்கு. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுலா பேசுதேன்.

— இங்க கம்ப்யூட்டர்ல, பேட்டி இப்ப ஓடுதுன்னு காட்டுதே. அந்த ஐடி வேற எதுல தொறந்திருக்கு?

— வேற எதுலயும்... ஆத்தீ! அந்த வீட்டு டிவியில இருக்குய்யா. பாப்பா கார்ட்டூன் பாக்கட்டும்னு நாந்தான் போட்டு வச்சேன்.

— ஐயோ, மொகம் தெரியுதே! நிறுத்துடா கீசோல்!

— வழி கெடைச்சிருச்சுக்கா. இந்தா, இதை அமுக்கினா நின்னுடும்.

— நிறுத்தாதீங்க தம்பி! அவன் இந்நேரம் கப்பல் பட்டறை வேலைக்குப் போயிருப்பான். வீட்டுல எம் மவ மட்டுந்தான் இருப்பா.